வீட்டில் சாயமிட்டுத் தைத்தல்: வெட்டுவதற்கு முன் சாயமா, தைத்த பின் சாயமா?

கேள்வி – உப்புவெளியிலிருந்து

வணக்கம். தையல் எனக்கு நன்கு பழகிய வேலை. சாயமிடுவதை இப்போதுதான் தொடங்கவிருக்கிறேன். வளர்ந்து வரும் மகளுக்கு இரண்டு சட்டைகளும், வீட்டுக்கு ஒரு மேசை விரிப்பும் சில தலையணை உறைகளும் வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்து, அவற்றுக்கு வேண்டிய நிறத்தை நானே ஏற்ற வேண்டும் என்பது என் விருப்பம். புடவைக் கடைகளில் அடுக்கியிருக்கும் சீத்தைகளில் மகள் கேட்கும் கடல்நீலம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அதன்மேல் பெரிய பூக்கள் போட்டிருக்கும்.

என் முதற் கேள்வி வேலையின் ஒழுங்கைப் பற்றியது. துணியை முதலில் சாயத்தில் தோய்த்து, காய்ந்த பின் வெட்டித் தைப்பதா, அல்லது வெள்ளையாகவே தைத்து முடித்துவிட்டு ஆடைக்குச் சாயமிடுவதா? தைத்த பின் சாயமிட்டால் கழிவுத் துண்டுகளுக்குச் சாயம் வீணாகாது என்று தோன்றுகிறது. ஆனால் தையலும் நூலும் அந்தச் சாயத்தை எப்படி ஏற்கும் என்பது எனக்குத் தெரியவில்லை.

அடுத்ததாக, சாயம் போகாமல் இருப்பதற்கு உப்பும் வினாகிரியும் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும் என்று அயலில் பலரும் சொல்கிறார்கள். அது எல்லாச் சாயங்களுக்கும் பொருந்துமா? எங்கள் கிணற்று நீர் கோடையில் சற்று உவர்ப்பாக இருக்கும், அதில் சாயமிடலாமா? வேலை முடிந்து எஞ்சும் சாயநீரை எங்கே ஊற்றுவது என்பதும் ஒரு கவலை. எங்கள் வளவு மணல் நிலம். கிணறு சமையலறைக்குப் பின்னாலேயே இருக்கிறது.


பதில் – உவர்மலையிலிருந்து, ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை

சகோதரி, உடுக்கும் ஆடை என்றால் துணிக்கு முதலில் சாயமிடுங்கள், பிறகு வெட்டுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது காரணம் நூல். இப்போது கடைகளில் கிடைக்கும் தையல் நூற்கட்டைகளில் பெரும்பாலானவை பொலியெஸ்டர் நூல்தான். பருத்தியில் ஏறும் சாயம் பொலியெஸ்டரில் ஏறாது. வெள்ளை நூலால் தைத்த சட்டையை நீலச் சாயத்தில் அமிழ்த்தி எடுத்தால் துணி நீலமாகும். கழுத்துச் சுற்றிலும் கைமடிப்பிலும் பொத்தான் கண்களிலும் ஓடும் தையல் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும். சிப்பின் இருபக்கத் துணிப் பட்டி, விலை குறைந்த லேஸ் போன்றவையும் பெரும்பாலும் அப்படியே. முழுவதையும் பருத்தி நூலால் தைத்தால் இந்தக் குறை வராது என்பது உண்மை. ஆனால் அந்த நூலைத் தேடிப் பிடிப்பதைவிட, சாயமிட்ட துணியில் ஒரு துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதற்குப் பொருத்தமான நிற நூலை வாங்குவது எளிது. நூல் துணியைவிட ஒரு சாயல் கடுமையாக இருக்கட்டும்; தைத்த பின் அது துணியோடு ஒன்றிப்போகும்.

இரண்டாவது காரணம் சுருக்கம். சலவை காணாத பருத்தித் துணி முதல் நனைப்பிலும் வெந்நீரிலும் சுருங்கும். நீளப்பாட்டில் 100 சென்ரிமீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் சுருங்கினாலும் வியப்பில்லை. குறுக்குப்பாட்டில் பொதுவாக அதைவிடக் குறைவாகச் சுருங்கும். இரு பக்கமும் ஒரே அளவில் சுருங்காததால், அளவாகத் தைத்த சட்டை சாயத்தொட்டியிலிருந்து வேறு உருவத்தில் வெளிவரும். பொலியெஸ்டர் நூல் சுருங்காது, துணி சுருங்கும். ஆகவே தையல் நெடுகிலும் நெளிவு விழும். ஸ்திரிகைப் பெட்டியால் எவ்வளவு அழுத்தினாலும் அந்த நெளிவு போவதில்லை.

மூன்றாவதை நீங்கள் வளர்கின்ற பிள்ளை என்று எழுதியிருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். அடுத்த வருடம் இறக்கிவிடலாம் என்று நாம் சட்டையின் கீழ்விளிம்பில் அகலமாக மடித்து வைப்போம். இடுப்பிலும் உள்ளே சற்றுத் துணி விட்டுத் தைப்போம். தைத்த பின் சாயமிட்டால், மடிப்பின் உட்புறத்துக்கும் இரட்டையாகத் தைத்த இடத்துக்கும் சாயநீர் வெளிப்பக்கத்தைப் போலப் புகாது. பிறகு தையலைப் பிரித்துப் பாருங்கள்: வெளியே கடும் நீலம், மடிப்பின் ஓரத்தில் வெளிறிய கோடு, அதற்கு உள்ளே திட்டுத்திட்டாக இளநீலம். அந்தச் சட்டையை இறக்கிவிட முடியாது; பக்கத்தைப் பிரித்துத் தளர்த்தவும் முடியாது. முழுத் துணியாகச் சாயமிட்டால் ஒவ்வோர் அங்குலமும் ஒரே நிறத்தில் இருக்கும்.

இனி வேலைமுறை. புதிய துணியில் கஞ்சியும் ஆலையில் பூசிய பதப்பொருள்களும் இருக்கும். அவற்றை நீக்காமல் சாயமிட்டால் நிறம் திட்டாக ஏறும். பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, சிறிது சலவைச் சோடாவும் சலவைத்தூளும் கரைத்து, துணியை அதில் அரை மணி நேரமாவது புரட்டிப் புரட்டி அவித்து அலசுங்கள். அலசிய துணி காய்ந்ததும் அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல உருண்டு நின்றால் பதப்பொருள் இன்னும் போகவில்லை. விட்ட கணத்திலேயே துணி அதை உறிஞ்சிக்கொண்டால் சாயத்துக்குத் தயார். ஈரத்தில் வெட்டோரம் பிரிந்து நூல் நூலாகத் தொங்கித் தொட்டியில் சிக்காமலிருக்க, ஓரங்களுக்கு முன்னதாகவே ஒரு சிக்சாக் தையல் அடித்துவிடுவது நல்லது.

ஒரு சட்டைக்கு வேண்டிய துணி முழுவதையும், கழுத்துக்கு வைக்கும் குறுக்குப்பட்டி, சட்டைப்பை, பின்னாளில் ஒட்டுப்போட வேண்டிய துண்டு வரையில், ஒரே தொட்டியில் ஒரே தடவையில் தோய்த்து எடுங்கள். இரண்டாவது தொட்டியின் நீலம் முதலாவதைப் போல அமையாது. அளவுகளை எவ்வளவு கவனமாக நிறுத்துப் போட்டாலும் பகல் வெளிச்சத்தில் வேறுபாடு கண்ணுக்குப் படும்.


பதில் – கிண்ணியாவிலிருந்து

ரீச்சர் சொன்னவற்றை நானும் ஆமோதிக்கிறேன். பற்றிக் வேலையோடு, அதாவது மெழுகிட்டுத் துணிக்குச் சாயமேற்றும் வேலையோடு, பல காலம் பழகியவன் என்பதால் சாயத்தைப் பற்றி எழுதுகிறேன்.

உப்பையும் வினாகிரியையும் பற்றி நம் ஊரில் வழங்கும் நம்பிக்கை பருத்திக்குப் பொருந்தாது. வினாகிரி ஓர் அமிலம்; கம்பளி, பட்டு, நைலோன் ஆகியவற்றுக்கு ஏற்றும் அமிலச் சாயங்களுக்கு அது உதவும். பருத்தியில் அதற்கு எந்த வேலையும் இல்லை. உப்புக்கு வேலை இருக்கிறது, ஆனால் அது வேறு வேலை. நீரில் நனைந்த பருத்தி இழையும் கரைந்த சாயமும் இரண்டுமே மறை மின்னேற்றம் கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளுகையைத் தணித்துச் சாயத்தை இழைக்கு அருகே கொண்டுவருகிறது. அவ்வளவுதான். ஏற்கெனவே சாயம் கழன்று ஓடும் துணியை உப்பு நீரில் ஊறவைத்தால், ஊறும் நேரத்தில் சாயம் வெளியேறாதது போலத் தோன்றும். அடுத்த சலவையில் பழையபடி ஓடும்.

சிறு பொதிகளில் விற்கும், அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடும் சாயங்களிற் பல டைரக்ட் வகையைச் சேர்ந்தவை. அவை இழையோடு தளர்வாகவே ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடைபெறும். அடிக்கடி தோய்க்கும் பிள்ளையின் சட்டைக்கு நீங்கள் தேட வேண்டியது ரியாக்டிவ் சாயம். இந்த வகையில் முதலாவதை 1956இல் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுப்பின்றி அறைவெப்பநிலையிலேயே வேலை செய்யும் சாயங்கள் அதற்குள் உண்டு. இந்தச் சாயம் பருத்தி இழையின் மூலக்கூறோடு இரசாயனப் பிணைப்பு உண்டாக்கிக்கொள்கிறது. அதாவது, இழையின் மேல் படிந்திருப்பதை விட்டு இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அந்தப் பிணைப்பு ஏற்படுவதற்குக் காரத்தன்மை வேண்டும். அதைத் தருவது சலவைச் சோடா, அதாவது சோடியம் காபனேற்று. அப்பச்சோடா சோடியம் இருகாபனேற்று; குளிர்ந்த நீரில் அதன் காரம் இந்த வேலைக்குப் போதாது. கடையில் இரண்டையும் மாற்றித் தந்துவிடாமல் பார்த்து வாங்குங்கள். இந்த இடத்தில் வினாகிரியை ஊற்றினால் காரம் முறிந்து, பிணைய வேண்டிய சாயம் பிணையாமல் நின்றுவிடும்.

சட்டைக்கு ஒரே சீரான நிறம் வேண்டுமென்றால் துணி தாராளமாகப் புரளக்கூடிய தொட்டி தேவை. காய்ந்த துணியை நிறுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ துணிக்கு 20 லீற்றர் நீர், நடுத்தர நிறத்துக்கு 20 முதல் 30 கிராம் வரையில் சாயத்தூள், 1 கிலோ உப்பு, 200 கிராம் சலவைச் சோடா என்பது நல்ல தொடக்க அளவு. உங்கள் துணி அரைக் கிலோ என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். சாயத்தூளை முதலில் சிறிதளவு நீரில் களிபோலக் குழைத்து, பிறகு நீர் விட்டுக் கரையுங்கள். உப்பும் சாயமும் கரைந்த நீரில், முன்னதாகவே நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு இருபது முப்பது நிமிடம் இடைவிடாமல் புரட்ட வேண்டும். சோடாவைத் தனியே வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, துணியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு இரண்டு மூன்று பகுதியாக ஊற்றிக் கலக்குங்கள். துணியின் மேல் நேராக ஊற்றினால் அந்த இடம் கறுத்துவிடும். அதன் பின் ஒரு மணி நேரம் அவ்வப்போது புரட்டினால் போதும். குளிர் நாடுகளில் இதற்கு நீரைச் சூடாக்க வேண்டியிருக்கும். திருகோணமலையில் நிழலில் வைத்த வாளி நீரே போதிய வெப்பத்தோடு இருக்கும். கடல்நீலத்துக்கு நீங்கள் பயன்படுத்தப்போகும் மயில்நீலச் சாயம் மட்டும் ஏனையவற்றைவிட மெதுவாகப் பிடிக்கும்; அதற்கு நீர் வெதுவெதுப்பாக இருப்பதும், இன்னும் ஒரு மணி நேரம் விட்டுவைப்பதும் நல்லது. சோடா சேர்ந்த சாயநீரை மறுநாளுக்கு வைத்துப் பயன்படுத்த முடியாது. சாயம் நீரோடு வினைபுரிந்து தன் பிடிக்கும் ஆற்றலை இழந்துவிடும்.

கிணற்று நீரைப் பற்றி. சாதாரண உவர்ப்பு பெரிய தடையாகாது. எப்படியும் நாம் உப்புச் சேர்க்கத்தான் போகிறோம். தொல்லை தருவது கல்சியமும் மக்னீசியமும் கூடிய கடின நீர். சோடா அவற்றோடு சேர்ந்து வெண்படிவாகித் துணியில் மாப்போல ஒட்டிக்கொள்ளும், நிறமும் மங்கும். இரும்புச் சத்துள்ள கிணறாயின் மஞ்சளும் சிவப்பும் அழுக்கேறியது போலத் தெரியும். உங்கள் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து போனால், சாயத்தொட்டிக்குக் குழாய்நீரையாவது மாரிகாலத்தில் கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைநீரையாவது எடுத்துக்கொண்டு, அலசுவதற்கு மட்டும் கிணற்று நீரைப் பயன்படுத்துங்கள்.

தலையணை உறைகளுக்குச் சீரான நிறம் அவசியமில்லையென்றால் நீரும் உப்பும் மிகக் குறைவாகச் செலவாகும் வழி ஒன்று இருக்கிறது. 1 லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 50 கிராம் சோடா கரைத்து, அதில் துணியைக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். பிறகு மடித்தோ முறுக்கியோ நூலால் கட்டியோ வைத்து, சாயக்கரைசலை மேலே ஊற்றிக் கையால் அழுத்தி உள்ளே செலுத்துங்கள். 250 மில்லிலீற்றர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி சாயம் கடும் நிறம் தரும். இதற்கு உப்பே தேவையில்லை. ஆனால் துணி ஈரமாகவே ஓர் இரவு இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதை வெறுமனே வெளியில் வைத்தால் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்த கணத்தோடு வினையும் நின்றுவிடும். கட்டிய துணியைப் பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, காற்றுப் படாத அறையில் வையுங்கள். சாயக்கரைசலில் சிறிது யூரியா கரைத்தால் ஈரம் இன்னும் நன்றாகத் தங்கும்; வயல் வேலை உள்ள எந்த வீட்டிலும் ஒரு கைப்பிடி கிடைக்கும்.

எஞ்சும் நீரைப் பொறுத்தவரை, முழுத்தொட்டி முறையில் ஒரு கிலோ உப்பும் சோடாவும் அந்த நீரோடு போகின்றன. மணல் நிலத்தில் ஊற்றிய நீர் நேரே கீழிறங்கும். கிணற்றடியிலும் செடிகளின் மேலும் ஊற்ற வேண்டாம். கழிவறைக் குழிக்குச் செல்லும் வடிகாலில் நிறைய நீரோடு சேர்த்து விடுங்கள். இதற்காகவே நான் இயன்ற இடத்திலெல்லாம் உப்பில்லாத இரண்டாவது முறையை விரும்புகிறேன்.

சாயத்தூளைத் திறக்கும்போது முகக்கவசம் அணிவதையும் மின்விசிறியை நிறுத்துவதையும் மறக்க வேண்டாம். தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இழுப்பு வருவதுண்டு. கையுறை போடுங்கள், சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தையும் கரண்டியையும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.


கேட்டவர் – உப்புவெளியிலிருந்து

ரீச்சருக்கும் சகோதரருக்கும் மிக்க நன்றி. ரீச்சர் சொன்னபடி துணியை அவிப்பதற்கு முன் இழையைச் சோதிக்க எண்ணி, ஓரத்திலிருந்து சில நூல்களை உருவிச் சுடரில் காட்டிப் பார்த்தேன். கடதாசி எரியும் மணமே வந்தது. சாம்பலும் சாம்பல்நிறமாகத்தான் இருந்தது. ஆனால் அதை விரல்களுக்கிடையே தேய்த்தபோது, நொறுங்காத கருமணிகள் சில நெருடின. கடையில் பருத்தி என்று சொல்லித்தான் தந்தார்கள். இந்தத் துணியில் சாயம் ஏறுமா?


பதில் – உவர்மலையிலிருந்து

ஏறும், பாதியளவில் ஏறும். அந்தக் கருமணிகள் உருகி இறுகிய பொலியெஸ்டர். உங்களிடம் இருப்பது கலப்புத் துணி. அதிலுள்ள பருத்தி இழைகள் மட்டும் நிறம் கொள்ளும், மற்றவை வெள்ளையாக நிற்கும். ஆகவே நீங்கள் கடல்நீலம் எதிர்பார்த்தால் வெளிறிய வானநீலம் வரும். பொலியெஸ்டருக்கு உரிய சாயம் கொதிநீரைவிட மிகக் கூடிய வெப்பத்தில், ஏறத்தாழ 130 பாகை செல்சியசில், அழுத்தத்தின் கீழ் ஏற்றப்படுவது. அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. இந்தத் துணியைத் தலையணை உறைக்கு வைத்துக்கொண்டு, சட்டைக்கு மட்டும் கலப்பில்லாத பொப்ளினோ மல் துணியோ வாங்குங்கள். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டு நூல் கேட்டு எரித்துப் பார்த்துவிடலாம். தருவதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள்.


பதில் – சாம்பல்தீவிலிருந்து

ரீச்சர் சட்டைக்குச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தைத்த பின் சாயமிடுவதை முற்றாக ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. மேசை விரிப்பு யாருடைய உடம்புக்கும் பொருந்த வேண்டியதில்லை. அதை யாரும் இறக்கிவிடப் போவதுமில்லை. அவித்துச் சுருங்கிய துணியில் விரிப்பைத் தைத்து, பொலியெஸ்டர் நூல் சாயம் ஏற்காது என்ற அதே குணத்தை அழகாக்கிக்கொள்ளலாம். கடும் நீலத் துணியில், விளிம்பை ஒட்டி மூன்று வரிசையாக ஓடும் வெள்ளைத் தையல் எவ்வளவு தெளிவாக எழும்பி நிற்கும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். தையல் நேராக இருக்க வேண்டும், அவ்வளவே. நிறம் கோணலை மறைக்காது, எடுத்துக்காட்டும்.

இதைவிடச் சிறந்தது தையலையே சாயத்தடையாகப் பயன்படுத்துவது. துணியில் பென்சிலால் ஓர் இலையையோ அலையையோ வரைந்து, அந்தக் கோட்டின் வழியே இரட்டை நூலால் அரைச் சென்ரிமீற்றர் இடைவெளியில் நீளத் தையல் போடுங்கள். ஒரு முனையில் முடிச்சு, மறுமுனை நீளமாக விட்டிருக்கட்டும். எல்லாக் கோடுகளும் தைத்து முடிந்த பின், துணியை நனைத்து, ஒவ்வொரு நூலாக இழுத்துத் துணி இறுகிக் குவியும்வரை சேர்த்து முடிச்சிடுங்கள். நூல் இழுபடும்போது அறுந்துவிடக் கூடாது. வலை பொத்தும் நைலோன் நூலில் மெல்லியது இதற்கு மிகப் பொருத்தம், கடற்கரை ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. சாயமிட்டு அலசிய பின், துணியைக் காயவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஈரத்தில் பிரித்தால் துணியும் சேர்ந்து கிழியும் வாய்ப்பு உண்டு, மடிப்புக்குள் நிற்கும் சாயநீர் வெள்ளைப் பகுதிக்கும் பரவும். பிரித்து விரிக்கும்போது, கோட்டின் இரு மருங்கிலும் பல் வரிசை வைத்தாற்போல வெண்புள்ளிகள் தெரியும். மதுரைச் சுங்குடியில் கட்டி முடிந்து பெறும் புள்ளிகளுக்கு இது உறவு. இங்கே முடிச்சின் இடத்தில் ஊசி வேலை செய்கிறது.


பதில் – உவர்மலையிலிருந்து

மேசை விரிப்புக்கு இது நல்ல யோசனைதான், நான் ஒத்துக்கொள்கிறேன். சட்டையைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. தையற்கட்டு வேலையைச் சட்டைத்துணியிலும் செய்யலாம், ஆனால் வெட்டுவதற்கு முன். கடதாசி மாதிரியைத் துணியில் வைத்து, முன்பக்கம் எங்கே வரும், நெஞ்சுப் பகுதி எங்கே முடியும் என்று மெல்லிதாக அடையாளமிட்டு, அந்த எல்லைக்குள் வேலைப்பாட்டைச் செய்து, சாயமிட்டுக் காய்ந்த பின் வெட்ட வேண்டும்.


பதில் – தம்பலகாமத்திலிருந்து

இயற்கைச் சாயத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் சில வரிகள். ரியாக்டிவ் சாயம் கிடைக்காவிட்டாலும், மணல் வளவில் இரசாயனம் ஊற்ற மனம் இடம் தராவிட்டாலும், நம் வீட்டைச் சுற்றியே சாயம் இருக்கிறது. ஆனால் எல்லாம் சமமாக நிலைப்பதில்லை. மஞ்சள் தூளில் தோய்த்த துணி அன்று பார்க்கக் கண்ணைப் பறிக்கும். வெயிலில் காயப்போட்டால் சில நாளில் வெளிறிவிடும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். பிள்ளையின் சட்டைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே மஞ்சள் நிறத்துக்குப் பலாமரத் தூள் நல்ல மாற்று. பௌத்த துறவிகளின் அங்கிகளுக்கு நெடுங்காலமாக நிறம் தந்தது அதுதான். தளபாடம் செய்யும் இடங்களில் பலா அறுக்கும் நாளில் ஒரு பை தூள் கேட்டால் தருவார்கள். வேறு மரத்தூள் கலவாதிருக்க வேண்டும். பருத்தி தானாக இந்தச் சாயங்களைப் பற்றிக்கொள்ளாது, இடையில் ஒரு பிடிப்பு வேண்டும். முதலில் கடுக்காய்த் தூளில், துணியின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்து, வெந்நீரில் ஓர் இரவு துணியை ஊறவைத்துப் பிழியுங்கள். அடுத்து சீனாக்காரம் 100 கிராம் துணிக்கு 15 கிராம் அளவில் கரைத்து, அதிலும் ஓர் இரவு. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இழையைப் பற்ற, சீனாக்காரத்தின் அலுமினியம் அதைப் பற்ற, சாயம் அந்த அலுமினியத்தைப் பற்றுகிறது. பிறகு, மெல்லிய துணியில் முடிந்த பலாத் தூளை அவித்த நீரில் துணியைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருங்கள். நீங்கள் கேட்ட கடல்நீலம் இதில் வராது. இயற்கையில் நிலைக்கும் நீலம் அவுரி ஒன்றே. அதற்கு வேறு முறை, வேறு பொறுமை வேண்டும்.

ஆணியைத் துருப்பிடிக்க வைத்து வினாகிரியில் ஊறவைத்த நீரில் சில துளி சேர்த்தால், கடுக்காய் ஊட்டிய துணி சாம்பலும் கருமையுமாக மாறும். வினாகிரிக்குப் பருத்தியில் வேலையுள்ள இடம் இது. இரும்பு மிகுந்தால் காலப்போக்கில் துணி நைந்துவிடும் என்பதால் துளித்துளியாகவே சேர்க்க வேண்டும். கரையோரத்தில் பருத்தி வலைகளுக்குக் கண்டற்பட்டை அவித்து நிறமேற்றிய காலமும் இருந்தது. இன்று கண்டல் மரங்கள் பாதுகாக்கப்படுபவை. அவற்றை உரிக்க வேண்டாம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் காலத்தில் அரசுக்கு வருமானம் தரும் அளவுக்குத் தோண்டப்பட்ட சாயவேரும் சீனாக்காரத்தோடு சேர்ந்தே சிவப்புத் தந்தது என்பதைப் பார்த்தால், இந்த இடைப்பிடிப்பின் அருமை விளங்கும்.


கேட்டவர் – உப்புவெளியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. கலப்பில்லாத பொப்ளின் வாங்கி, அவித்து, ரியாக்டிவ் சாயத்தில் முழுத்தொட்டி முறையில் சட்டைத்துணியைச் செய்யப்போகிறேன். மேசை விரிப்புக்கு அலைத் தையல் போட்டுப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சட்டை தைத்த பின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஊறவைக்கும் சந்தர்ப்பம் வரலாம். அலசியது போதுமா என்பதை வெட்டுவதற்கு முன்பே எப்படி அறிவது?


பதில் – கிண்ணியாவிலிருந்து

தொட்டிக்குள் போட்ட சாயம் முழுவதும் இழையோடு பிணைவதில்லை. ஒரு பகுதி நீரோடு வினைபுரிந்து செயலிழந்து, துணிக்குள் வெறுமனே தங்கியிருக்கும். பின்னாளில் ஓடுவது அதுதான். உப்பு இருக்கும்வரை அது துணியை விட்டு இலகுவில் கழலாது. ஆகவே முதலில் குளிர்ந்த நீரில், நீரை மாற்றி மாற்றி, உப்பும் சோடாவும் போகும்வரை அலசுங்கள். அதன் பின் கொதிக்கவைத்து இறக்கிய நீரில் சிறிது சலவைத்தூள் போட்டு, துணியை அதில் பத்து நிமிடம் மூடி வையுங்கள். குளிர்ந்த அலசலில் தெளிவாக ஓடிய நீர் இப்போது மறுபடி நிறம் பெறுவதைக் காண்பீர்கள். அதைக் கண்டு சாயம் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம், போக வேண்டியதுதான் போகிறது. அந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி வெந்நீர். வெள்ளைக் கோப்பையில் அள்ளிப் பார்த்தால் நீர் நிறமற்றுத் தெரியும்வரை இதைச் செய்யுங்கள். இறுதியாக, ஈரத் துணியின் ஒரு மூலையை வெள்ளைப் பருத்தித் துண்டு இரண்டின் நடுவே வைத்துச் சூடான ஸ்திரிகைப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளைத் துண்டில் நிறம் படவில்லையென்றால் துணியை நிழலில் காயவிட்டு வெட்டத் தொடங்கலாம். இலேசாகப் பட்டால் இன்னும் ஒரு வெந்நீர் தேவை. கழுத்துக்கும் கைக்கும் வெள்ளைப் பட்டி வைத்துத் தைக்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டித் துணியையே இந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.